சின்னப்பிள்ளை கரண்டி தொடாத ஞாயிற்றுக்கிழமை

சின்னப்பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகும் எவரும் முதலில் ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நூற்று நாற்பது. அவர் பிறந்த வருடம் பற்றி ஆதாரங்கள் ஒத்துப்போவதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் அவர் தன் மாமியாரைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் நூற்று நாற்பதில் மட்டும் குழப்பமே கிடையாது. ஆலத்தியூருக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலராக அவர் சேர்ந்த அன்று மதியம் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நூற்று நாற்பது. அதற்குப் பிறகு சிலர் படித்து முடித்துப் போனார்கள், சிலர் முடிக்காமலே போனார்கள், புதிதாகச் சிலர் வந்தார்கள். தலைகள் மாறின, எண்ணிக்கை மாறவில்லை.

இருபது வருடம் ஒரே அளவில் சமைத்தால் கை தன் போக்கில் இயங்க ஆரம்பித்துவிடும். சின்னப்பிள்ளையின் கைக்கு நூற்று நாற்பதுக்குக் குறைந்த கணக்கு தெரியாது. வீட்டில் அவரும் கணவர் காசிநாதனும் இரண்டே பேர். இரண்டு பேருக்கு அவர் குழம்பு வைப்பது, லாரி ஓட்டுபவரைக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார வைத்தது போல. ஒன்று உப்பு தூக்கும், இல்லை புளி தூக்கும், இரண்டும் சரியாக இருந்தால் அளவு தூக்கி அடுத்த நான்கு வீட்டுக்கும் போகும். அந்த நான்கு வீட்டாரும் சாயங்காலம் அடுப்புப் பற்றவைப்பதை மறந்து பல வருடம் ஆகிறது.

மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. சின்னப்பிள்ளைக்கு இல்லை. நூற்று நாற்பது பேருக்குப் பதறாமல் சமைக்கும் ஒரு பெண் ஊரில் இருக்கிறார், அவருக்கு இப்போது வேலையும் இல்லை என்பது தெரிந்த பிறகு எந்த ஊர்தான் சும்மா இருக்கும்? மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கருமாதி, கோயில் கஞ்சி என்று வந்து கூப்பிடுவார்கள். "ஒனக்குதான் லீவாச்சே" என்பார்கள். எல்லா விசேஷத்திலும் கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கவிழ்த்த பிறகு, நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிடுவது அவர் வழக்கம்.

2002ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் வாரம், ஒரு வளைகாப்பு முடிந்து வந்து உட்கார்ந்தவர், திடீரென்று அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க வாக்கியத்தைச் சொன்னார்.

"ஏங்க, ஒரு நா கொள்ளிடத்துக்குப் போயி தண்ணில காலப் போட்டு உக்காந்துட்டு வரணும்."

காசிநாதன் சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடைச் சீட்டு எழுதுபவர். எதையும் காரணம் கேட்காமல் உள்ளே விட்டதும் இல்லை, வெளியே விட்டதும் இல்லை.

"வேண்டுதலா?"

"இல்ல."

"அந்தப் பக்கம் யாரும் செத்துட்டாங்களா?"

"இல்லிங்க."

"பெறவு எதுக்கு?"

"சும்மா."

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் இந்தக் காரணத்தைக் காசிநாதனிடம் அவர் மனைவி ஒருமுறையும் காட்டியதில்லை.

சின்னப்பிள்ளை பிறந்தது திருமானூரிலிருந்து இரண்டு மைல் தள்ளி, கொள்ளிடக் கரையில். கோடையில் ஆறு அகலமாக மணலாய்க் கிடக்கும். நடுவே ஒரு நாணல் திட்டு. அதை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு, ஒரு சேலை அகலத்துக்குத் தண்ணீர் ஓடும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் அவர் அங்கேதான் கிடப்பார். இப்போது அவர் கேட்டதும் அவ்வளவே. தண்ணீரில் கால். நாணல் நிழல். இன்னொருவர் சமைத்து, இன்னொருவர் பரிமாறி, உட்கார்ந்து சாப்பிடும் சோறு. அந்த ஒரு நாள் முழுக்கக் கரண்டியைத் தொடுவதில்லை.

"அவ்ளோதானே? மாரியாத்தா மேல சத்தியமா அன்னைக்கு ஒன்னக் கரண்டி தொட வுடமாட்டேன்" என்றார் காசிநாதன். "கட்டுச்சோறு என் பொறுப்பு."

லீவுக்கு அரும்பாவூரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை வேணி சிரித்துவிட்டாள். "அண்ணே, நீ சுடுதண்ணி வச்சாலே அடிபுடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிநாதன் புளிச்சோறு கிளற ஆரம்பித்தார். சின்னப்பிள்ளை சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுப் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"புளி எவ்ளோ?"

"ஒன்றரைக் கிலோ."

"மூணு பேருக்கா?"

"மூணு பேருக்கு எனக்கு எங்கங்க தெரியும்? நூத்தி நாப்பதுக்குத் தெரியும். நீங்கதான் கணக்குல கெட்டியாச்சே, வகுத்துக்குங்க."

காசிநாதன் ஆலையில் கொடுத்த கால்குலேட்டரை எடுத்தார். நூற்று நாற்பதை மூன்றால் வகுத்தால் நாற்பத்தாறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அதால் ஒன்றரைக் கிலோவை வகுத்தால் முப்பத்திரண்டு கிராம். மிளகாய், நல்லெண்ணெய், கடலைப் பருப்பு எல்லாம் இதே நீதியில் வகுபட்டன. லாரிக்குக்கூட அவர் இவ்வளவு நுணுக்கம் காட்டியதில்லை.

"உப்பு?"

"மூணு கை" என்று சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை குளிக்கப் போய்விட்டார்.

கால்குலேட்டரில் கைக்குப் பொத்தான் இல்லை. காசிநாதன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையை எப்படி வேணி வகுக்கறது?"

"இதுல என்னண்ணே இருக்கு? நாம மூணு பேரு. மூணு கை. ஆளுக்கு ஒண்ணு."

மறுக்க முடியாத கணக்கு. இருந்தாலும் மூன்று சற்று அதிகம் என்று அவருக்குத் தோன்றியது. பெருந்தன்மையாக ஒரே கையோடு நிறுத்திக்கொண்டார். கிளறி முடித்து, தூக்குவாளியை வெறுமனே ஒருமுறையும் சோற்றோடு ஒருமுறையும் தராசில் வைத்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டார். எடை பார்த்தார். ருசி பார்க்கவில்லை.

அரியலூரில் பஸ் மாறினார்கள். திருமானூர் பஸ்ஸில் சின்னப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்டக்டர் கூவினார்.

"சோத்தாயா! நீங்களா?"

ராஜராஜன். அந்த நூற்று நாற்பதில் ஒருவராக இருந்து, இப்போது மீசை வைத்திருப்பவர்.

"எங்க, கல்யாணமா?"

"இல்லடா. சும்மா ஆத்துக்கு."

"நூறு பேருக்கா, எறநூறு பேருக்கா?"

"யாருக்கும் இல்லடா. சும்மா."

ராஜராஜன் நம்பவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களிடம் அறிமுகப்படுத்தினார். "இவங்க போட்ட சோத்தத் தின்னுதான் நான் பத்தாவதுல பெயிலானேன்."

"நீ பாசாயிருந்தா மட்டும் எஞ்சோத்தாலன்னா சொல்லப்போற?" என்றார் சின்னப்பிள்ளை.

பஸ் சிரித்தது. பின் சீட்டில் ஒரு அம்மாள் எட்டி, வருகிற இருபத்தேழாம் தேதி மகளுக்குச் சீமந்தம், முன்னூறு பேர் என்று ஆரம்பித்தார். சின்னப்பிள்ளை கண்ணை மூடித் தூங்குவதாகக் காட்டிக்கொண்டார். வேணி பதில் சொன்னாள்: "எங்கண்ணிக்கு இன்னிக்குக் காது கேக்காதுங்க."

பத்து மணிக்குள் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு அந்தத் திட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சின்னப்பிள்ளையின் சிறு வயது இடத்திலிருந்து அரை பர்லாங் கிழக்கே வைத்திருந்தது. அவர் அதற்காக ஒரு பெருமூச்சும் விடவில்லை. தண்ணீர் ஓடியது, நாணல் நிழல் விழுந்தது. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டோர மணலில் உட்கார்ந்து, காலை நீட்டினார்.

அடுத்த இரண்டு மணி நேரம் குறிப்பிடத்தக்க எதுவும் நடக்கவில்லை. அவர் கேட்டது அதைத்தான்.

காசிநாதனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எதிர்க்கரையில் போன மணல் லாரிகளைக் கண்ணால் எடைபோட்டுப் பார்த்தார். "அந்தா போறான் பாரு, பத்து டன்னுக்கு மேல ஏத்தியிருக்கான்" என்று தண்ணீரிடம் புகார் சொன்னார். தண்ணீர் நடவடிக்கை எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தூக்குவாளியைத் திறந்தார்கள். சின்னப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு, மடியில் வைத்தபடி காத்திருந்தார். காசிநாதன் இலையைப் போட்டு முறையாகப் பரிமாறினார். மூவரும் ஒரு வாய் வைத்தார்கள்.

முதலில் வேணிக்குத்தான் பேச்சு வந்தது. "அண்ணே, கடலக் கொண்டாந்து கொட்டிட்டியா?"

"நீதானேடி ஆளுக்கு ஒரு கைன்ன!"

"நான் சொன்னா போட்டுருவியா? கெணத்துல குதிக்கச் சொன்னா?"

சின்னப்பிள்ளை அந்த வாயை மென்று விழுங்கினார். இரண்டு கை ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். "புளி சரியா நிக்கிது" என்றார். ஒரு பிடியைக் காக்கைக்கு வைத்தார்கள். காக்கை ஒரு கொத்துக் கொத்திவிட்டு அவசரமாகத் தண்ணீர்ப் பக்கம் போனது.

அந்த நேரம் பார்த்து, கரைமேல் இருந்த கோயில் தோப்பிலிருந்து ஆட்டுக்கறி மணம் இறங்கி வந்தது. காதுகுத்து, காலையிலிருந்தே ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. "சும்மா என்னன்னு பாத்துட்டு வரேன்" என்று காசிநாதன் எழுந்து போனார்.

சின்னப்பிள்ளை அசையவில்லை. ஆனால் அவர் மூக்கு தோப்புக்குப் போய்விட்டது. அங்கே கறி இறங்கிவிட்டது, உலையில் அரிசி கொதிக்கிறது, விறகைத் திணித்து எரியவிடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"யாரு அது, இப்படித் தீயப் போடறது?" என்று முணுமுணுத்தார்.

"அண்ணி, ஒங்க கை ஆடுது" என்றாள் வேணி.

ஆடத்தான் செய்தது. வலது கை தானாகவே காற்றில் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தது. சின்னப்பிள்ளை அதைப் பிடித்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

தோப்பில் நிலைமை மோசம். அன்று வைகாசி முகூர்த்தம். சமையல்காரர் அமிர்தலிங்கம் ஒரே நாளில் இரண்டு இடத்தில் தாம்பூலம் வாங்கியிருந்தார். கறியை இறக்கிவிட்டு, "அரை மணில வந்துடறேன்" என்று மோட்டார் சைக்கிளில் போனவர் ஒன்றரை மணி நேரமாக வரவில்லை. கைக்கு ஆளாக இருந்தவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காத்துப் பார்த்துப் பெண்களே உலையில் போட்ட அண்டாச் சோற்றை எப்போது வடிப்பது என்பதில் அவர்களுக்குள் நான்கு கட்சி. பேரனுக்குக் காதுகுத்தும் முத்துவேல், வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"எத்தன பேருங்க?" என்று கேட்டார் காசிநாதன்.

"நூத்தி நாப்பது, நூத்தம்பது இருக்கும்."

காசிநாதன் மாரியாத்தா மேல் செய்த சத்தியத்தை நினைத்துப் பார்த்தார். கறிக்குழம்பையும் நினைத்துப் பார்த்தார். மாரியாத்தா வெகுதூரத்தில் ஆலத்தியூரில் இருந்தாள். கறிக்குழம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"எம் பொஞ்சாதிக்கு இந்த அளவுதாங்க தண்ணி பட்ட பாடு" என்றார்.

ஐந்து நிமிடத்தில் முத்துவேல் கொதிக்கும் மணலில் துள்ளித் துள்ளி ஓடிவந்து, திட்டுக்கு முன்னால் கும்பிட்டு நின்றார். பின்னால் காசிநாதன், மனைவியின் கண்ணைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டு.

"அக்கா, மானத்தக் காப்பாத்துங்க. சோத்த வடிச்சு, ஒரு ரசம் மட்டும் வச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும். சம்மந்தி வூட்டுக்காரங்க வந்து உக்காந்துருக்காங்க."

இப்படிக் கேட்டால் சின்னப்பிள்ளை எழுந்துவிடுவார். இருபது வருடமாக எழுந்திருக்கிறார். அன்றும் இடுப்பு கொஞ்சம் எழும்பியது. தண்ணீரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"சமையலா? நானில்லிங்க தம்பி, அவருதான்" என்றார். "இன்னிக்குக் கட்டுச்சோறுகூட அவருதான் கட்டினாரு. கேட்டுப் பாருங்க."

"ஏ புள்ள..." என்றார் காசிநாதன்.

"கூச்சப்படுவாரு. விடாதீங்க."

"ஆமாங்க" என்று வேணியும் சாட்சி சொன்னாள். "எங்கண்ணன் கைப்பக்குவத்துக்குக் காக்காகூட ஒரு வாய்க்கு மேல தாங்காது."

முத்துவேல் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். காசிநாதனின் கையைப் பிடித்தார். பிறர் முன்னால் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லப்பட்ட ஒன்றை மறுத்துப் பழக்கமில்லாதவர் காசிநாதன்.

"சந்தேகம்னா வந்து கேளுங்க" என்றார் சின்னப்பிள்ளை. "இங்கதான் உக்காந்துருப்பேன்."

தோப்புக்கும் திட்டுக்கும் இருநூறு தப்படி. மே மாத உச்சி மணல். செருப்புப் போட்டால் புதைகிறது, போடாவிட்டால் பொரிகிறது. காசிநாதன் முதல் முறை ஓடி வந்தார்.

"வெந்துருச்சான்னு எப்படிப் பாக்கறது?"

"ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாருங்க."

போனார். நசுக்கினார். வெந்ததா வேகவில்லையா என்று சொல்லும் தைரியம் வரவில்லை. எடைச் சீட்டில் கையெழுத்துக்கு முன்னால் மேலதிகாரியிடம் காட்டுவதுதான் ஆலை வழக்கம். அந்த முறைப்படி நாலு பருக்கையை ஒரு பூவரச இலையில் வைத்துத் திட்டுக்கு எடுத்து வந்தார். அனல் காற்றில் இருநூறு தப்படி வந்த பருக்கை, வருவதற்குள் காய்ந்து விறைத்துவிட்டது. சின்னப்பிள்ளை நசுக்கிப் பார்த்தார்.

"இன்னும் வேகணும்."

ஓடினார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி நாலு பருக்கை. மறுபடி விறைப்பு. "இன்னும் கொஞ்சம்." மூன்றாவது முறையும் அப்படியே. கொண்டுவந்த பருக்கைகளைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. கொண்டுவராத பருக்கைகள் என்ன கதியில் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எனவே அவர் சொல்லவில்லை.

ஆனால் மூக்குக்குத் தெரிந்தது. சோறு குழையும் வாசனை காற்றில் வந்தபோது சின்னப்பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்கியது. அடியில் வைத்திருந்த கை மரத்துப்போயிருந்தது. "அடப் பாவிங்களா, அரிசி என்ன பாவம் பண்ணிச்சு" என்று எழுந்தேவிட்டார். தண்ணீரைத் தாண்டி மணலில் இரண்டடி வைத்தார். மணல் சுட்டது. அதைவிடப் பெரிய சூட்டிலெல்லாம் வெறுங்கையால் அண்டா இறக்கியவர் அவர். நின்றார். உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தார், ஏதோ பெரிய காயம் பட்டதுபோல. மெதுவாகத் திரும்பி வந்து, காலைத் தண்ணீரில் விட்டார்.

"ரொம்பச் சுடுது வேணி" என்றார்.

"ஆமா அண்ணி. எப்படிப் போவ முடியும்?" என்றாள் வேணி.

அடுத்த முறை காசிநாதன் திட்டுவரை வரவில்லை. பாதி வழியில் நின்று கத்தினார். "ரசத்துக்கு உப்பு?"

"மூணு கை!"

காசிநாதன் அப்படியே நின்றார். காலையில் தன்னைக் கவிழ்த்தது இதே மூன்று கைதான். ஒரு மனிதன் ஒரே பள்ளத்தில் ஒரு நாளில் எத்தனை முறை விழுவான்? ரசத்துக்கு முன்னால் போய் நின்று, மூன்று விரலால் மூன்று சிட்டிகை எடுத்து, மிகுந்த நிதானத்தோடு போட்டார். நூற்று நாற்பது பேர் ரசத்துக்கு.

ஒன்றரை மணிக்குப் பந்தி. முத்துவேல் நன்றி மறக்காதவர். சமைத்தவர் வீட்டுப் பெண்கள் என்று சின்னப்பிள்ளையையும் வேணியையும் முதல் பந்தியில் உட்கார வைத்தார். சின்னப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். முதல் பந்தியில் இலை எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று பார்த்தார். வாளியும் கரண்டியுமாகக் காசிநாதன் வரிசையில் வந்தார். முகமெல்லாம் கரி. கரண்டியைக் கவிழ்த்தார், சோறு விழவில்லை. தட்டினார், ஒரே உருண்டையாக விழுந்து, இலையில் உட்கார்ந்துகொண்டது.

"இது சோறா களியா?" என்றது பந்தியின் ஒரு மூலை.

"ரசம்னு சொல்லி வெந்நிய ஊத்துறாங்கப்பா" என்றது இன்னொரு மூலை.

சரியாக அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அமிர்தலிங்கம் இறங்கி, அண்டாவை எட்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் தாம்பூலம் வாங்கிய குற்றவாளி அந்த நொடியில் நீதிபதியாகிவிட்டார்.

"எவன்யா வடிச்சது?"

காசிநாதன் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

சின்னப்பிள்ளை இதற்கெல்லாம் தலை தூக்கவில்லை. சாப்பிட்டார். களியை உடைத்து, குழம்பில் பிசைந்து, ஒவ்வொரு வாயாக, கடைசிப் பந்திக்குக் காணுமா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டார். முத்துவேல் வந்து குனிந்து, தயங்கியபடி கேட்டார்.

"அக்கா, எப்படி இருக்கு?"

"கறி நல்லா இருக்கு. சோறு கொழஞ்சு போச்சு. ரசத்துல உப்பே இல்ல" என்றார் சின்னப்பிள்ளை. பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, இங்க கொஞ்சம் போடுங்க."

காசிநாதன் இன்னோர் உருண்டையைத் தட்டினார். "நீ ஒரு எட்டு எந்திரிச்சு வந்துருந்தா நல்லா இருந்துருக்குமேடி" என்றார் காதோரமாக.

"இருந்துருக்கும்" என்றார் சின்னப்பிள்ளை. "ரசமும் ஊத்துங்க."

மூன்று முறை சோறு வாங்கினார். மூன்று முறை சமைத்தவரைக் குனிய வைத்தார்.

சாப்பாடு முடிந்து இரண்டு பெண்களும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு திட்டுக்குத் திரும்பினார்கள். காசிநாதனால் வர முடியவில்லை. அடிபிடித்த அண்டாவைத் தேய்க்காமல் எவனும் இந்தத் தோப்பைவிட்டுப் போகக் கூடாது என்று அமிர்தலிங்கம் சொல்லிவிட்டார். தேங்காய் நாரும் மணலுமாக அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு காசிநாதன் தேய்க்கும் சத்தம் ஆற்றில் நன்றாகக் கேட்டது.

வேணிக்கு அண்ணன் பாசம் வந்துவிட்டது. "அண்ணி, பாவம் அண்ணன். போயி ஒரு கை குடுக்கலாமா?"

சின்னப்பிள்ளை அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார்.

"அண்டா பெருசா, சின்னதா?"

"பெருசு அண்ணி."

"அப்ப நேரமாவும்" என்றார் சின்னப்பிள்ளை, காலை இன்னும் கொஞ்சம் நீட்டி. "நீ உக்காரு."